ஸ்டோர் சுவரில் முளைத்த அரசமரம்

பாப்பம்மா அக்காவைப் பற்றிக் கேட்டால், கெடாவில் லூனாஸ் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். குழாயடியில் அவள் வாளியை யாராவது நகர்த்தி வைத்துவிட்டால் போதும், அன்றைக்கு எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயம் முழுக்கக் கச்சேரிதான். நானும் அவளிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான். ஆனால் என் மகன் மனோகரன் இன்றைக்குச் சுங்கைப் பட்டாணியில் கடை வைத்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்துகொண்டு, பெற்றவளையே அதட்டுகிற அளவுக்கு ஆளாகி நிற்கிறான் என்றால் அதற்கு அந்த வாய்க்காரிதான் காரணம். ஆகவே அவளைப் பற்றி நான் சொல்வதில் பாசம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

லயத்தில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். அவள் புருஷன் சின்னையா அண்ணன் ஸ்டோரில் வேலை பார்த்தார். ஸ்டோர் என்றால் எங்கள் பேச்சில் ரப்பர் பாலைக் கொண்டுபோய் ஊற்றி, தகடாக்கிப் புகை போடுகிற கட்டடம். அண்ணன் அதிகம் பேசமாட்டார். அவர் பேசவேண்டியதையும் சேர்த்து அக்காவே பேசிவிடுவாள். பிள்ளை இல்லை. அந்தக் குறையை யாராவது கிளறினால் அவள் சும்மா விடமாட்டாள் என்பதால் யாரும் கிளறுவதில்லை.

ஸ்டோரை வெள்ளைக்காரத் துரை ஆசையாகக் கட்டியிருந்தார். தோட்டத்தில் மற்றதெல்லாம் பலகையும் தகரமுமாக இருக்க, ஸ்டோருக்கு மட்டும் முன்பக்கம் நல்ல உயரத்துக்குச் செங்கல் சுவர். அதற்குப் பூச்சு கிடையாது. செங்கல்லின் சிவப்பு வெளியே தெரியவேண்டுமாம், துரையின் ஊரில் அப்படித்தானாம். அவர் ஊரில் மழை எப்படிப் பெய்யுமோ எனக்குத் தெரியாது. கெடா மழை பூசாத கல்லைச் சும்மா விடுகிற மழை இல்லை. அதனால் துரை இருந்தவரைக்கும் வருஷா வருஷம் ஆட்கள் ஏணி போட்டு ஏறி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கரைந்துபோன இடங்களில் புதுச் சுண்ணாம்புக் காரை வைத்து அடைப்பார்கள். இடுக்கில் தலைகாட்டும் செடியை வேரோடு பிடுங்கிப் போடுவார்கள்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான், துரை ஓடிப்போனார், அந்த வேலையும் நின்றுபோனது. வந்தவர்கள் கூரை ஓரத்தில் மழைத் தண்ணீரை வாங்கி வடிக்கிற தகரக் கால்வாயைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு பெய்த மழையெல்லாம் சுவர்மேலேயே வழிந்தது. நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். சோற்றுக்கே ததிங்கிணத்தோம் போடுகிற காலத்தில் சுவருக்காக யார் கவலைப்படுவது?

அந்தச் சுவரில், வாசலுக்குச் சற்று மேலே, ஏதோ ஒரு பறவை போட்ட எச்சத்தில் அரசங்கன்று ஒன்று முளைத்தது. பிடுங்க ஆளில்லாததால் அது பாட்டுக்குத் தழைத்தது.

நாற்பத்து மூன்றாம் வருஷம் சித்திரை கழிந்த கையோடு சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். நல்ல சம்பளம், சீக்கிரம் திரும்பி வந்துவிடலாம் என்றார்கள். வரமாட்டேன் என்று சொல்ல யாருக்கும் வழி இருக்கவில்லை. லாரி ஸ்டோர் வாசலில்தான் வந்து நின்றது. என் வீட்டுக்காரர் ராமையாவும் சின்னையா அண்ணனும் ஒரே லாரியில் ஏறினார்கள். நான் அப்போது முழுகாமல் இருந்தேன். பாப்பம்மா அக்கா லாரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு வாய் ஓயாமல் அழுதாள். அண்ணனுக்கு என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியவில்லை. சுற்றிலும் பார்த்தார். சுவரில் நின்ற கன்று கண்ணில் பட்டது.

"அந்தா பாரு பாப்பா, அந்தக் கன்னுக்குத் தண்ணி ஊத்து. அது பட்டுப்போறதுக்குள்ள நான் வந்துருவேன்" என்றார்.

அழுகிற பெண்டாட்டியைச் சமாதானப்படுத்த ஒரு மனுஷன் வாய்க்கு வந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். ஆனால் அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். மரம் பச்சையாக இருக்கும்வரை அவர் உயிரோடு இருக்கிறார், இது அவள் கணக்கு. வெள்ளிக்கிழமை தோறும் ரப்பர் பால்வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி மரத்தடியில் ஊற்றுவாள். மரத்தடி என்றால் மண்ணா இருக்கிறது? செங்கல் இடுக்குதான். வாளித் தண்ணீர் முழுவதும் சுவருக்குள் இறங்கியது.

அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் தொடங்கினோம். எங்கள் புருஷன்மாரும் அதே லாரியில் போனவர்கள்தானே. அரசமரம் சாமி மரம் வேறு. கிளையில் மஞ்சள் கயிறு கட்டினோம். சுவரைச் சுற்றி வர முடியாது என்பதால் ஸ்டோரையே சுற்றி வந்தோம். எங்களில் மூத்தவளான குணவதி அக்கா வாசல்படியில் குங்குமம் வைத்து விளக்கு ஏற்றினாள். நானும் கட்டினேன், நானும் சுற்றினேன். அந்த நாட்களில் பிடித்துக்கொள்ள எங்களுக்கு வேறு என்ன இருந்தது?

மறு வருஷத்துக்குள் கன்று மரமாகிவிட்டது. வேர் சுவர்மேல் விரல் விரலாகப் படர்ந்து இடுக்குக்குள் நுழைந்திருந்தது. அப்போதுதான் சுவரிலிருந்து வெள்ளையாகப் பொடி உதிரத் தொடங்கியது.

சொன்னால் சிரிப்பீர்கள். அது கல்லுக்கு நடுவில் இருந்த காரை. ஊறி, உப்பி, செத்துப்போய் உதிர்கிற சுண்ணாம்பு. எங்களுக்கு அது திருநீறாகத் தெரிந்தது. சாமி மரத்தடியில் வானத்திலிருந்து கொட்டுகிற மாதிரி வெள்ளைப் பொடி கொட்டினால் எங்களுக்கு வேறு என்ன தோன்றும்? முந்தானையில் ஏந்தி நெற்றியில் இட்டுக்கொண்டோம். பிள்ளைகளுக்கும் பூசினோம். கொட்டுவது அதிகமாக அதிகமாக, அருள் கூடுகிறது என்று சந்தோஷப்பட்டோம். சுவர் எங்கள் தலைமேல் விழப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்ததை நாங்கள் நெற்றியில் பூசிக்கொண்டு நின்றோம்.

ஸ்டோருக்குள் இப்போது ரப்பர் இல்லை. மரவள்ளிக்கிழங்கும் கொஞ்சம் அரிசியும்தான் இருந்தன. வாரம் ஒருமுறை பங்கு கொடுப்பார்கள். அன்றைக்கு ஒரு ஜப்பான் அதிகாரி வந்து எதிர்க் கொட்டகையில் உட்கார்ந்துகொள்வான். வரிசை அந்தச் சுவரை ஒட்டித்தான் நிற்கவேண்டும், முதுகு சுவரில் படவேண்டும். யாரும் நழுவாமல் எல்லார் முகமும் அவனுக்குத் தெரியவேண்டும் என்பது அவன் கட்டளை.

பங்கு கொடுக்கிற கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, சீனிவாசகம் ஐயா நல்ல மனுஷன், கொஞ்சம் பயந்த சுபாவம். ஒருநாள் அவர் எங்களைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்டினார்.

"வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது பாருங்கம்மா. வெளிக்கல்லு வேற, உள்கல்லு வேறயா பிரிஞ்சிருச்சு. நடுவுல என் கையே போவுது. வேரு உள்ள பூந்து நெம்புது. மரத்துல கயித்தப் போட்டு, தூரத்துல நின்னு, வெளிக்கல்லோட சேத்து இழுத்துச் சாச்சுட்டா ஆபத்து இல்ல. விட்டா அது தானா வரும். வர்றப்ப நீங்க கீழ நிப்பீங்க."

அவர் சொன்னது எங்கள் எல்லாருக்கும் விளங்கியது. சுவரில் படிப்படியாக ஏறிப்போன விரிசலும் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் குணவதி அக்கா தலையை ஆட்டிவிட்டாள்.

"அது பாப்பம்மா புருசனோட உசுராச்சே ஐயா. யாரு கை வைப்பா?"

பாப்பம்மா அக்கா அவ்வளவு மென்மையாகப் பேசவில்லை. "என் பொணத்து மேல ஏறித்தான் அந்த மரத்தத் தொடணும்" என்று கத்தினாள். நாங்கள் எல்லாரும் அவள் பக்கம்தான் நின்றோம். அவளோடு குழாயடியில் சண்டை போட்டவர்கள்கூட அவள் பக்கம் நின்றார்கள். அன்பு சில நேரம் இப்படித்தான் கண்ணை மூடிவிடுகிறது.

பாவம் கிராணி ஐயா, வரிசையையாவது தள்ளி நிறுத்த அதிகாரியிடம் கேட்டுப் பார்த்தார். ஒரு கன்னம் வீங்கித் திரும்பி வந்தார். அதற்கு மேல் அவரால் என்ன செய்ய முடியும்?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பங்கு நாளன்று மழை சற்று விட்டிருந்தது. நான் மனோகரனை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரில் முதுகை ஒட்டி நின்றேன். அவனுக்கு ஒரு வயது தாண்டியிருந்தது, அப்பன் முகம் பார்க்காத பிள்ளை. எனக்கு அடுத்து பாப்பம்மா அக்கா. மேலே கறுக்கென்று ஒரு சத்தம். என்னவென்று நிமிர்வதற்குள் ஒரு செங்கல் என் தோளை உரசிக்கொண்டு வந்து, கையிலிருந்த கூடையைப் பிடுங்கித் தரையில் அடித்தது. கூடை நசுங்கிப்போனது. பிள்ளையின் தலை இருந்த இடத்துக்கும் அந்தக் கல் வந்த வழிக்கும் ஒரு சாண்கூட இருந்திருக்காது.

"சாமிக்குக் கோவம். பொங்கல் வெக்கணும்" என்று வரிசையில் யாரோ சொன்னார்கள்.

பாப்பம்மா அக்கா குனிந்து அந்தக் கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அதில் மயிர் மயிராக வேர் ஒட்டியிருந்தது. பிறகு மனோகரனின் முகத்தைப் பார்த்தாள். காலையில் நான் பூசிவிட்ட வெள்ளைப் பொடி அவன் நெற்றி நிறைய இருந்தது. அவள் முந்தானையை எச்சிலில் நனைத்து அதை அழுத்தித் துடைத்தாள். பிள்ளை வீறிட்டு அழுதான். விடாமல் துடைத்தாள்.

மறுநாள் காலையில் அவளே கிராணி ஐயா வீட்டு வாசலில் போய் நின்றாள். "கயிறு குடுங்க" என்றாள்.

மெஷின் இழுக்கிற வடக்கயிறு ஸ்டோரில் இருந்தது. ஐயா அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, "அவன் கேட்டா மழையில விழுந்துருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்" என்றார். ஏற்கெனவே கன்னத்தில் வாங்கிய மனுஷன் சொல்கிற பேச்சா அது? அவருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மரத்தில் கயிறு கட்ட யாராவது ஏற வேண்டும். ஏணியைச் சுவரில் சாய்க்க முடியாது, பக்கத்துக் கம்பத்தில்தான் சாய்க்கலாம். நான் ஏறுகிறேன் என்று ஐயா வந்தார். அக்கா அவரைத் தள்ளிவிட்டு ஏறினாள். அவள் எட்டிக் கயிற்றைச் சுற்றும்போது சுவருக்குள் கறகறவென்று சத்தம் கேட்டது, பொடி கொட்டியது. நாங்கள் கீழே நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அவள் அவசரப்படவில்லை. முடிச்சைப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு, மரத்தண்டில் கையை வைத்து மெல்லப் பேசினாள். ஏணியைப் பிடித்திருந்த எனக்கு அது கேட்டது.

"கோவிச்சுக்காதய்யா. புள்ளைங்க நிக்குதுங்க."

என் பிள்ளை நின்றான். அதைத்தான் அவள் சொன்னாள்.

இறங்கி வந்து, கயிற்றைத் தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போய், தனியாகப் பிடித்து இழுத்தாள். மரம் அசைந்தது, சுவர் அசையவில்லை. லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றோம். ஒருத்தியும் கயிற்றைத் தொடவில்லை. தொட்டால் சின்னையா அண்ணன் உயிரில் கைவைத்த பாவம் வந்து சேரும் என்று பயம். அவள் திரும்பி எங்களைப் பார்த்தாள்.

"என்னாடி வேடிக்க பாக்கறீங்க? நான் இழுக்கறது என் புருசன் உசுர. உங்களுக்கு எங்க வலிக்குது? வந்து பிடிங்கடி!"

நான் மனோகரனைக் கிராணி ஐயா கையில் திணித்தேன். அவர் பிள்ளை தூக்கிப் பழகாதவர், கிழங்கு மூட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டார். நான் போய் அக்காவுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தேன். எனக்குப் பின்னால் குணவதி அக்கா வந்தாள். அதற்குப் பிறகு யார் யார் வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது, கயிறு கனத்தது மட்டும் தெரிந்தது. சயாமுக்குப் புருஷனை அனுப்பிய அத்தனை பெண்களும் அழுதுகொண்டே இழுத்தோம்.

முதலில் மரம் குனிந்தது. பிறகு அதன் வேரோடு சேர்ந்து சுவரின் முன்பக்கம் முழுதும் ஒரே வீச்சில் பெயர்ந்து வந்தது. பூமி அதிர்ந்தது. தூசி அடங்கிய பிறகு பார்த்தால், வாரா வாரம் நாங்கள் முதுகை ஒட்டி நிற்கிற இடத்தில் இடுப்பளவுக்குச் செங்கல் குவிந்து கிடந்தது. உள்சுவர் அசையாமல் நின்றது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அதிகாரி வந்தான், பார்த்தான், குவியலைக் காலால் எட்டி உதைத்தான். மழையில் விழுந்துவிட்டது என்று ஐயா கும்பிட்டுச் சொன்னார். அவன் நம்பினானோ என்னவோ, கல்லையெல்லாம் ரோட்டில் கொட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நாங்கள் பிழைத்துவிட்டோம். பாப்பம்மா அக்காதான் அதற்குப் பிறகு பிழைக்கவில்லை என்று சொல்லவேண்டும். அவள் வாய் அடங்கிப்போனது. குழாயடியில் வாளியை யார் நகர்த்தினாலும் பேசாமல் நிற்பாள். நானே வேண்டுமென்றே நகர்த்திப் பார்த்திருக்கிறேன், ஒரு திட்டாவது திட்டமாட்டாளா என்று. தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை, ஆனால் புருஷனைத் தன் கையாலேயே கொன்றவள் மாதிரி நடமாடினாள். கொடுத்தால் இரண்டு வாய் கிழங்கு தின்பாள், மீதியைத் தள்ளிவிடுவாள். பசி என்று ஒரு நாளும் அவள் சொல்லிக் கேட்டதில்லை. உங்களால்தான் என் பிள்ளை இருக்கிறான் என்று நான் அழுதால், "சரி போடி" என்பாள். மனோகரனை அவளிடமே விட்டுவிட்டு வேலைக்குப் போவேன். அவள் விரலைப் பிடித்துத்தான் அவன் நடை பழகினான். என்னால் முடிந்த கைம்மாறு அவ்வளவுதான்.

சண்டை முடிந்தது. ஜப்பான்காரன் போனான். சயாமுக்குப் போனவர்களில் ஒருசிலர் திரும்பத் தொடங்கினார்கள். ஒரு நாள் பகலில் எலும்பும் தோலுமாக ஒருவர் என் வாசலில் வந்து நின்றார். குரலைக் கேட்டுத்தான் என் வீட்டுக்காரர் என்று தெரிந்துகொண்டேன். மனோகரன் பயந்து என் புடவைக்குள் ஒளிந்துகொண்டான். "இது யாரு?" என்று அவர் கேட்டார். "நம்ம புள்ள" என்றேன். இரண்டு பேரும் அழுது முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பாப்பம்மா அக்கா குழாயடிக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் கேட்டுவிடவேண்டும் என்று சின்னையா அண்ணனைப் பற்றிக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சுவர் கதையை அவசர அவசரமாகச் சொல்லிவிட்டு, "எப்ப போனாரு, அதச் சொல்லுங்க மொதல்ல" என்றேன். மரத்தை இழுத்த பிறகு என்று அவர் சொல்லியிருந்தால், அக்காவிடம் பொய் சொல்லுங்கள் என்று காலில் விழுந்திருப்பேன். சத்தியமாக விழுந்திருப்பேன். கடவுள் அதற்கு இடம் வைக்கவில்லை.

அக்கா வாளியோடு வந்தாள். அவரைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள். அவர் முகத்திலேயே அவளுக்குச் செய்தி தெரிந்துவிட்டது. ஆனால் அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"எப்ப ராமையா?"

"போன மொத மழையிலயே அக்கா. காலரா. அண்ணன் கஷ்டப்படல, சீக்கிரம் போயிட்டாரு. நாந்தான் குழி வெட்டிப் படுக்க வெச்சேன்."

"மொத மழையா? போன அந்த வருசமேயா?"

"ஆமாக்கா. ஆடி மாசமா இருக்கும்."

அப்போது மரம் பச்சைப் பசேலென்று இருந்தது. நாங்கள் எல்லாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் அவள் கயிற்றைப் பிடித்தாள். அவள் முகத்தில் அந்தக் கணக்கு ஓடுவதை நான் பார்த்தேன். "அப்ப நான் இல்ல" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள். "நான் இல்ல."

பிறகுதான் அழுதாள். லயமே ஓடி வருகிற மாதிரி, பழைய பாப்பம்மாவின் தொண்டையோடு, மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். குணவதி அக்கா வந்து கட்டிக்கொண்டாள். நாங்கள் எல்லாரும் சேர்ந்து சின்னையா அண்ணனுக்காக அழுதோம். என் நெஞ்சுக்குள் ஒரு பக்கம் மட்டும் கடவுளே, நன்றி, நன்றி என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் அழுகை ஓய்ந்தது. அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்னாடி பாத்துக்கிட்டு இருக்க அழகம்மா? கிழங்கு கிண்டி வெச்சிருந்தா போடு. பசிக்குது."

வீட்டில் இருந்ததையெல்லாம் தட்டில் போட்டேன். உப்பு போதாது என்று திட்டிக்கொண்டே அவள் எல்லாவற்றையும் சாப்பிட்டாள்.